வெளியில் மலிவாகக் கிடைக்கும்போது உள்ளூரில் ஏன் விளைவிக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன்: "அமெரிக்காவிலோ தாய்லாந்திலோ நம்மைவிட மலிவாக விளைகிறது. வாங்கிச் சாப்பிட்டால் ஏழைக்கு விலை குறையும். பிறகு எதற்கு இறக்குமதி வரி, கொள்முதல், மானியம் என்று இத்தனை பாடு? என்ன விளைப்பது, எதை வாங்குவது என்று நாமே முடிவெடுக்கும் 'உணவு இறையாண்மை' என்பதெல்லாம் விவசாயச் சங்கங்களின் கோஷம்தானே?"

நியாயமான கேள்வி. கேட்பவர் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பக்கம் நின்று கேட்கிறார், அதை யாரும் தள்ளிவிட முடியாது. ஆனால் இதைக் கோட்பாடாகவே பேசிக்கொண்டு போனால் விடிய விடியப் பேசலாம். நீங்கள் சொல்லும் யோசனையை ஒரு நாடு மிச்சம் வைக்காமல் செய்து பார்த்தது, சரியாகச் சொன்னால் செய்ய வைக்கப்பட்டது. அது கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி. அங்கே நடந்ததை முதலில் சொல்கிறேன், பிறகு நம் ஊருக்கு வருவோம்.

ஹைட்டியின் நெற்களஞ்சியம் ஆர்டிபோனிட் பள்ளத்தாக்கு. ஆற்றின் மேல்பகுதியில் 1950களில் பெலிக்ர் அணையைக் கட்டினார்கள், வாய்க்கால்கள் வெட்டினார்கள், சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் குடும்பம் குடும்பமாக நெல் நட்டார்கள். 1980களின் தொடக்கம் வரை நாட்டுக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதி உள்ளூரிலேயே விளைந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அரிசி அங்கே தினசரிச் சாப்பாடு கிடையாது. மக்காச்சோளம், சோளம், மரவள்ளி, வாழைக்காய், ஈரப்பலா என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள், அரிசி வாரத்தில் சில நாள்தான். நாடு அன்றைக்கும் ஏழை நாடுதான், டுவாலியே குடும்பத்தின் கொடுங்கோல் ஆட்சிதான், கிராமத்தில் வறுமை இருந்தது. பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கான அடித்தளம் சொந்தக் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் அடி அரிசியில் விழவில்லை, பன்றியில் விழுந்தது. ஹைட்டிக் கிராமங்களில் கருப்பு நிறத்தில் ஒரு சின்ன நாட்டுப் பன்றி இருந்தது. வீட்டுக் கழிவையும் கிழங்குத் தோலையும் தின்று தானாக வளரும், தனியாகத் தீவனம் வாங்கிப் போட வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்றை விற்றுப் பிள்ளைகளுக்குப் பணம் கட்டுவார்கள், சாவு வீட்டுச் செலவென்றால் இன்னொன்றை விற்பார்கள். வங்கிக் கணக்கே இல்லாத குடும்பத்தின் சேமிப்பு அதுதான். 1970களின் இறுதியில் பக்கத்து டொமினிக்கன் குடியரசு வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. நோய் தங்கள் நாட்டுக்கும் பரவிவிடுமோ என்று அமெரிக்கா பயந்தது. அதன் பணத்திலும் மேற்பார்வையிலும் 1983க்குள் அந்தப் பன்றி இனத்தையே கொன்று தீர்த்தார்கள். பதிலுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பன்றிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்குக் கூரை வேண்டும், சிமெண்ட் தரை வேண்டும், கடையில் வாங்கிய தீவனம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். வளர்க்கிறவர் வீட்டிலேயே சிமெண்ட் தரை இல்லை. ஊர்க்காரர்கள் அந்தப் பன்றிகளுக்கு "நாலு கால் இளவரசர்" என்று பெயர் வைத்தார்கள். நோயை ஒழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எதைக் கொல்வது, பதிலுக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுத்த எந்த இடத்திலும் பன்றி வளர்த்தவர்களுக்கு நாற்காலி இல்லை.

கையிருப்பு போன இந்த நிலையில்தான் அரிசி வந்து இறங்கியது. 1986இல் டுவாலியே நாட்டைவிட்டு ஓடினார். பின்னால் வந்த அரசு பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) யோசனைப்படி சந்தையைத் திறக்க ஆரம்பித்தது, துறைமுகங்களில் கடத்தல் அரிசியும் குவிந்தது. மக்கள் அதை "மயாமி அரிசி" என்றார்கள். 1991இல் அதிபர் அரிஸ்டீட் ராணுவக் கவிழ்ப்பில் விரட்டப்பட்டார். 1994 அக்டோபரில் அமெரிக்கப் படைகளின் துணையோடு திரும்பி வந்தபோது பொருளாதார நிபந்தனைகளும் கூடவே வந்தன. 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக விழுந்தது. அக்கம்பக்கத்துக் கரீபியன் நாடுகளின் பொது வரி விகிதம் 25 சதவீதமாக இருந்த காலம் அது.

அந்த 3 சதவீதமும் முழுதாக வரவில்லை என்பது தனிக்கதை. ஹூஸ்டனைச் சேர்ந்த அமெரிக்கன் ரைஸ் நிறுவனத்தின் இரண்டு அதிகாரிகள், சரக்கின் அளவைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சப்படுத்த ஹைட்டியின் சுங்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக 2004இல் அமெரிக்க நீதிமன்றத்திலேயே தண்டிக்கப்பட்டார்கள்.

சரி, அமெரிக்க அரிசி ஏன் மலிவு? பெரிய பண்ணை, பெரிய இயந்திரம் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அது பாதிக் காரணம். அங்கே நெல் சாகுபடிக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கிறது, விலை விழுந்தால் தாங்கிப் பிடிக்கிறது, காப்பீட்டுக் கட்டணத்தில் பெரும்பங்கைக் கட்டுகிறது. அந்த நாட்டு நெல்லில் ஏறக்குறைய பாதி அர்கன்சாஸ் மாநிலத்தில் விளைகிறது. ஆக ஆர்டிபோனிட்டில் கடன் வாங்கி உரம் வாங்குகிற விவசாயி, அர்கன்சாஸ் விவசாயியோடு மட்டும் போட்டி போடவில்லை. அவருக்குப் பின்னால் நிற்கிற அமெரிக்கக் கருவூலத்தோடும் போட்டி போட்டார். இரண்டு பக்கமும் மானியம் இல்லாமல் போட்டியென்றால் நீங்கள் சொல்கிற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். நடந்தது அது இல்லை. ஏழை நாட்டின் மானியத்தையும் வரியையும் மட்டும் எடுத்துவிட்டு, பணக்கார நாட்டுடையதை அப்படியே விட்டார்கள்.

விலை குறைந்தது, மறுக்கவே முடியாது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு வருஷம் மலிவாக அரிசி சாப்பிட்டார்கள், வாரத்தில் சில நாள் என்றிருந்தது தினசரி ஆனது. விவசாயம் கட்டுபடியாகாமல் வெளியேறுகிறவர்கள் தையல் ஆலைகளில் வேலைக்குப் போவார்கள், நிலத்தில் ஏற்றுமதிக்கு மாம்பழமும் காப்பியும் வரும், அந்த டாலரில் அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆலைகளில் வேலை அந்த அளவுக்கு வரவே இல்லை, கிராமத்துக் கூட்டம் மட்டும் வந்தது. சித்தே சொலேய் மாதிரியான சேரிகளிலும் மலைச்சரிவுகளில் அவசரமாகக் கட்டிய வீடுகளிலும் வந்து அடைந்தார்கள். 2010 நிலநடுக்கத்தில் தலைநகரில் அவ்வளவு பேர் செத்ததற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

அதற்கு முன்பே 2008 வந்துவிட்டது. உணவுப் பொருள் விலை உலகம் முழுக்க ஏறிக்கொண்டிருந்த நேரம். 2007 அக்டோபரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கி 2008 வசந்தத்துக்குள் முழுதாக நிறுத்தியது, வியட்நாமும் கையை இறுக்கியது, பிலிப்பைன்ஸ் பயந்துபோய் கிடைத்த விலைக்கு வாங்கிக் குவித்தது. ஜனவரியில் டன் 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி, ஏப்ரல் கடைசியில் 1,000 டாலரைத் தொட்டது. கவனியுங்கள், அந்த ஆண்டு உலகில் நெல் விளைச்சல் பொய்க்கவில்லை. உலக அரிசி விளைச்சலில் எல்லை தாண்டி விற்பனைக்கு வருவதே மிகச் சின்னப் பங்கு, பெரும்பகுதியை விளைந்த நாடே சாப்பிடுகிறது. அதனால் இரண்டு மூன்று நாடுகள் கதவைச் சாத்தினாலே விலை எகிறிவிடும். 'உலகச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்' என்று நம்பியிருக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

ஹைட்டியில் அந்த ஏப்ரலில் ஒரு பசிக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், "குளோராக்ஸ் பசி" என்று. வயிற்றுக்குள் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றியது போல எரிகிறதாம். களிமண்ணில் உப்பும் கொழுப்பும் சேர்த்து வெயிலில் காயவைத்த மண் வில்லைகளைச் சேரிகளில் விற்றார்கள். தெருவில் கலவரம், உயிர்ப்பலி. ஏப்ரல் 12 அன்று செனட் சபை பிரதமர் அலெக்சிஸைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆர்டிபோனிட் நிலம் அப்போதும் அங்கேயேதான் இருந்தது. ஆனால் 13 வருஷம் லாபமில்லாமல் கிடந்த வாய்க்கால் தூர்ந்துபோயிருந்தது, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள், விதையும் கடனும் கிடைக்கவில்லை. வரியை ஒரே நாளில் குறைக்கலாம், வயலை ஒரே நாளில் திரும்பக் கொண்டுவர முடியாது.

2010 மார்ச்சில், அந்த வரி குறைந்தபோது அமெரிக்க அதிபராக இருந்த, அர்கன்சாஸ்காரரான பில் கிளிண்டனே அமெரிக்க செனட் குழு முன்னால் உட்கார்ந்து இதை ஒத்துக்கொண்டார். அந்தக் கொள்கை என் அர்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் வேலை செய்யவில்லை, அது தவறு, ஹைட்டி தன் மக்களுக்கான நெல்லை விளைவிக்கும் திறனை இழந்ததற்கு நான் செய்தது காரணம் என்ற பொருளில் பேசினார். பேசினாரே தவிர வரி திரும்ப ஏறவில்லை, மானியமும் குறையவில்லை. இன்றைக்கும் ஹைட்டி சாப்பிடும் அரிசியில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான், பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து.

எல்லாவற்றுக்கும் வரி ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மலைகளில் மரம் போனது, அந்த மண் அடித்துவந்து பெலிக்ர் அணையை நிரப்பியது, நிலப் பட்டாவில் ஆயிரம் வழக்கு, உள்ளூர் இறக்குமதி முதலாளிகளின் பிடி, இவை எல்லாமே சேர்ந்ததுதான். இப்போது ஆயுதக் கும்பல்கள் வேறு. 2024 அக்டோபர் 3 அன்று அதே நெல் பள்ளத்தாக்கில் போன்-சோண்டே என்ற ஊரில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்று கடும் பசியில் இருக்கிறார்கள்.

அப்படியானால் வரியை 35க்கு ஏற்றிவிட வேண்டியதுதானே? இங்கேதான் பொறி. ஹைட்டிச் சந்தையில் அரிசியை எடை போட மாட்டார்கள். நம் படி மாதிரி 'மார்மிட்' என்கிற பெரிய தகர டின்னில் அளந்து கொடுப்பார்கள், ஒன்று ஏறக்குறைய 2.7 கிலோ. முழு மார்மிட் வாங்கக் காசில்லாதவர்கள் சின்ன டின்னில் அன்றாடத்துக்கு வாங்குவார்கள். இறக்குமதி அரிசி ஒரு குவியல், உள்ளூர் அரிசி பக்கத்தில் இன்னொரு குவியல். உள்ளூர் அரிசிக்கு ருசி அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், வாங்குவது என்னவோ மலிவான குவியலில். ஊரிலிருந்து மூட்டையைச் சுமந்து வந்து விற்கிற பெண் வியாபாரிகளை அங்கே 'மதான் சாரா' என்பார்கள். வரி ஏறினால் அவர்களிடம் சின்ன டின்னில் வாங்குகிற தாய்க்கு அடுத்த நாளே சாப்பாடு குறையும், நெல் விலை ஏறியதன் பலன் விவசாயி கைக்கு வரவோ இரண்டு மூன்று போகம் ஆகும். ஆக விவசாயிக்குக் கட்டுபடியாகிற விலையும் ஏழைக்குக் கட்டுபடியாகிற விலையும் ஒன்றாக இருக்க முடியாது. உங்கள் கேள்வியின் உண்மையான முடிச்சு இதுதான்.

இந்த முடிச்சுக்கு உலகத்தில் நடைமுறையில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு விடை, பல ஓட்டைகளோடு, நம்மிடம் இருக்கிறது. விவசாயியிடம் ஒரு விலைக்கு வாங்கு, ரேஷன் கடையில் வேறு விலைக்குக் கொடு, நடுவில் உள்ள வித்தியாசத்தை அரசு ஏற்கட்டும். 2025-26 பருவத்தில் சாதாரண நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டால் 2,369 ரூபாய். அதே நெல் அரிசியாகித் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் இலவசமாக வருகிறது. மற்ற மாநிலங்கள் பலவும் வறுமைக்கோடு பார்த்து அட்டையைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பிரிக்கிற ஊரில் முதலில் விட்டுப்போகிறவர்கள் ஏழைகள்தான்.

இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. 1965, 66இல் மழை பொய்த்தபோது இந்தியா அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. 1966இல் மட்டும் ஏறக்குறைய 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசியது அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை, கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் மாதாமாதம் தானே பார்த்து அனுமதித்தார். அன்று உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது தஞ்சாவூரில். இரவல் சோற்றில் அரசியல் கலந்திருக்கும் என்பதை அந்தத் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. பசுமைப் புரட்சி மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் செய்த கெடுதல் தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதை நான் மறைக்கவில்லை.

இப்போது இந்த இரட்டை விலைக்கே உலக வர்த்தக அமைப்பில் சிக்கல் இருக்கிறது. கணக்கு எப்படித் தெரியுமா? அரசு வாங்குகிற விலையை 1986-88 சராசரி உலக விலையோடு ஒப்பிடுகிறார்கள், வருகிற வித்தியாசம் மானியம். அது மொத்த விளைச்சல் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக்கு முந்தைய விலை! இடையில் ஏறிய டீசல், கூலி, உரம் எதுவும் அந்தக் கணக்கில் வராது. 2018-19 நெல்லுக்கு இந்தியா வரம்பைத் தாண்டியது. 2013இல் பாலியில் நடந்த அந்த அமைப்பின் மாநாட்டில் போராடி வாங்கிய இடைக்காலப் பாதுகாப்பு இருந்ததால் வழக்கு வரவில்லை. நிரந்தரத் தீர்வு 2024 அபுதாபி மாநாட்டிலும் வரவில்லை.

இப்போது உணவு இறையாண்மை. 1993இல் உருவான லா வியா கம்பெசினா என்ற உலகளாவிய விவசாயிகள் இயக்கம் 1996இல் இந்தக் கோரிக்கையை முன்வைத்தது, 2007இல் மாலி நாட்டில் நியேலேனி மாநாட்டில் விரித்து எழுதினார்கள். தேவைப்படும் உணவு எங்கிருந்தாவது வந்து சேர்ந்தால் போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. என்ன விளைப்பது, எந்த விதையில், எந்த விலைக்கு, எதை இறக்குமதி செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை விளைவிக்கிறவர்களுக்கும் சாப்பிடுகிறவர்களுக்கும் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஹைட்டியின் பப்பாய் விவசாயிகள் இயக்கம் இதில் உறுப்பு. நிலநடுக்கம் முடிந்த சில மாதங்களில் அமெரிக்க விதை நிறுவனமான மான்சான்டோ 475 டன் வீரிய விதைகளை நன்கொடை தருவதாகச் சொன்னபோது, 2010 ஜூன் 4 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஹென்ச் நகரில் ஊர்வலம் போய் அந்த விதையைக் கொளுத்தினார்கள். பசியில் இருக்கிறவர்கள் ஏன் இலவச விதையை எரிக்கிறார்கள் என்று உலகமே கேட்டது. அடுத்த வருஷம் அதே விதையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எடுத்து வைத்தால் அதே மாதிரி முளைக்காது. பன்றிக் கதையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் நாமே விளைத்தாக வேண்டும் என்பது இதன் அர்த்தம் இல்லை. பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. நாளைக்கு வராவிட்டால் சாம்பார் மணக்காது, யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அரசு நினைத்ததைத் திணிப்பதும் இறையாண்மை ஆகாது. 2021இல் இலங்கை அரசு ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது, விவசாயிகளைக் கேட்கவில்லை, மாற்று உரம் தயாராக இல்லை. பெரும்போக நெல் பலமாகச் சரிந்தது, நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. நாமும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது அமெரிக்காவில் நம் ஆட்கள் கடைகளில் மூட்டை மூட்டையாக வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டே குருணை அரிசியை நிறுத்தியிருந்தோம், நம் குருணையை நம்பியிருந்த செனகல் போன்ற நாடுகள் திண்டாடின. உலக அரிசி வர்த்தகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது. அடுத்தவர் பானைக்கு நாமே ஜான்சன் ஆகிவிட்டோம்.

நம் சமையலறையிலேயே ஒரு குட்டி ஹைட்டி இருக்கிறது: எண்ணெய். 1990களின் தொடக்கத்தில் இந்தியா சமையல் எண்ணெயில் கிட்டத்தட்ட தன்னிறைவு. 1994இல் பாமாயிலை 65 சதவீத வரியோடு தாராளமாக அனுமதித்தார்கள், 1998க்குள் வரி 15 சதவீதம் ஆனது. இன்று ஆண்டுக்கு 150 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி, தேவையில் பாதிக்கும் மேலே. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் மானாவாரியில் கடலை போட்டவர்களுக்கு என்ன ஆனது? தமிழ்நாட்டில் கடலைப் பரப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. களையெடுக்க ஆள் கிடைக்காததும் மழையும் காரணம்தான், ஆனால் எண்ணெய் விலை எங்கே நிர்ணயமாகிறது என்பது பெரிய காரணம். 2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தது, ஏப்ரல் 28 முதல் மூன்று வாரத்துக்கு மேல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மளிகைக் கடையில் அந்த மாதங்களில் எண்ணெய் பாக்கெட் விலை என்ன ஆனது என்று உங்களுக்கே நினைவிருக்கும். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற அந்த ஒரு லிட்டர் பாமாயில் பல வீடுகளுக்கு உயிர், அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. அரிசிக்குச் செய்ததைக் கடலைக்கும் எள்ளுக்கும் செய்யலாம் என்கிறேன். திண்டிவனம், செஞ்சி பக்கத்தில் அரசே ஆதார விலைக்குக் கடலை வாங்கி, ஆட்டி, ரேஷனில் பாமாயிலோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கட்டும். செலவாகும். ஆனால் அந்தப் பணம் உள்ளூரிலேயே சுற்றும்.

கடைசியாக ஒன்று. முடிவெடுக்கும் இடம் தூரத்தில் இருக்கிற பிரச்சினை நாட்டுக்குள்ளேயும் உண்டு. ஐப்பசி மழையில் குறுவை அறுப்பு நடக்கும்போது டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். நெல் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடக்கும், ஈரப்பதமானி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார்கள். 22 வரை தளர்த்த வேண்டுமென்றால் மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், பிறகுதான் பதில் வரும். அதற்குள் அடிமூட்டை முளைவிட்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம், அதே மழை, அதே கடிதம். கொள்முதல் நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரமும், மழைக்காலத்தில் வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் மாவட்ட அளவிலும் இருந்தால் போதும். இதைக் கேட்டு டெல்டாக்காரர்கள் பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.